கூப்பிடு தூரம்

காந்திமதியின் வீட்டில் யாரும் எதையும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. கணவர் தனசேகர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தண்ணீர்ச் சொம்பு நீளும். மகள் நிஷாவுக்குத் தாகம் எடுப்பது நிஷாவுக்கே தெரியும் முன் காந்திமதிக்குத் தெரிந்துவிடும். குழந்தை உதட்டை நக்கினால் டம்ளர் வரும். கண் அலமாரிப் பக்கம் திரும்பினால் கடலை மிட்டாய் வரும். முகம் லேசாகச் சுருங்கினால் மின்விசிறி சுற்றும்.

அதற்குப் பின்னால் ஒரு பழைய வைராக்கியம் இருந்தது. தாய் இறந்தபோது காந்திமதி மிகச் சின்னவள். செங்கல்பட்டில் சித்தி வீட்டில் வளர்ந்தாள். சித்தி கொடுமைக்காரி அல்ல. ஆனால் அந்த வீட்டில் கேட்டால்தான் கிடைக்கும். இன்னொரு தோசை வேண்டுமென்றால் கேட்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வேண்டுமென்றால் கேட்க வேண்டும். "வாயில என்னடி, கொழுக்கட்டையா? கேளேன்!" என்பாள் சித்தி. கேட்பதற்கு நாக்கு எழாமல் எத்தனையோ முறை காந்திமதி அரைவயிற்றோடு எழுந்திருக்கிறாள். எனக்கென்று ஒரு குழந்தை பிறந்தால் அது யார் முன்னும் கேட்டு நிற்கக் கூடாது என்று அந்த வயதிலேயே முடிவு செய்துவிட்டாள்.

அந்த முடிவு பலித்துவிட்டது போலத்தான் இருந்தது. நிஷாவுக்கு ஐந்து வயது முடிந்தும் அவள் எதையும் கேட்கவில்லை. ஒரு சொல்லும் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. மின்விசிறியின் நிழலைப் பார்த்துக்கொண்டே ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பாள். மருத்துவர் ஆட்டிசம் என்றார். காந்திமதி அந்தச் சொல்லை வீட்டுக்கு எடுத்து வந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

முடிச்சூரில் வயலாக இருந்த இடத்தில் மனை போட்டு எழுந்த தெரு அது. அவர்களுடையது கடைசி வீடு. சாயங்காலமானால் தெருவெல்லாம் பிள்ளைகள். விழுந்த பிள்ளை, பந்தைத் தொலைத்த பிள்ளை, அடி வாங்கிய பிள்ளை, எல்லாம் ஒரே சொல்லைத்தான் கத்தும். ஒவ்வொரு முறையும் காந்திமதியின் கழுத்து தானாகத் திரும்பும். திரும்பிய பிறகுதான் அந்த அழைப்பு தனக்கில்லை என்பது நினைவுக்கு வரும். உலகத்தில் எத்தனையோ பெண்களுக்கு அலுத்துப்போன அந்த ஒரு சொல்லுக்காக அவள் உயிரையே கொடுத்திருப்பாள்.

2007 ஜூன் மாதம் அவள் கீழ்க்கட்டளைக்குப் போனாள். அங்கே ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் பெற்றோருக்கான வகுப்பு சனிக்கிழமைதோறும் நடந்தது. நடத்தைப் பகுப்பாய்வு என்று பலகையில் எழுதியிருந்தது. சொல்லிக்கொடுத்த சத்யப்ரியா அவளைவிடப் பத்து வயதாவது சின்னவள். முடியைக் குதிரைவாலாகக் கட்டிக்கொண்டு, எப்போதும் அவசரமாக டீ குடிப்பவள்.

முதல் வகுப்பில் சத்யப்ரியா ஒரு புறாவின் படத்தைக் காட்டினாள். கூண்டுக்குள் புறா. அது ஒரு பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். விழுந்தால் மறுபடி கொத்தும். தானியம் விழுவது நின்றால் ஒருநாள் கொத்துவதை விட்டுவிடும்.

காந்திமதிக்குச் சுருக்கென்றது. எழுந்துவிட்டாள்.

"மிஸ், நான் என் பொண்ணைப் பேசவைக்க வந்திருக்கேன். புறா வளர்க்க வரல."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சத்யப்ரியாவுக்குக் கோபம் வரவில்லை.

"உக்காருங்க அக்கா. புறாவை விடுங்க. உங்க தெருவுல யாராவது ஏதாவது வித்துக்கிட்டு வருவாங்களா?"

"மீன்காரம்மா வருவாங்க. வந்துட்டிருந்தாங்க."

"இப்ப ஏன் வரல?"

காந்திமதி யோசித்தாள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் ஏறி வரும் அங்காளம்மா. முன்பு அவர்கள் தெருவில் வாரம் தவறாமல் கூவுவாள். பிறகு தெருமுனையில் மீன் கடை வந்தது. யாரும் அங்காளம்மாவிடம் வாங்கவில்லை. அப்போது அவள் என்ன செய்தாள்? வராமல் நின்றுவிடவில்லை. முன்னைவிடச் சத்தமாகக் கூவினாள். ஒவ்வொரு கேட்டையும் தட்டினாள். "யம்மா, வஞ்சிரம் கீது, எட்டித்தான் பாரேன்!" என்று சண்டைக்கு வருவது போலக் கூப்பிட்டாள். அப்படிச் சில வாரங்கள். அதற்குப் பிறகுதான் வருவதை நிறுத்தினாள்.

இதை அவள் சொல்லி முடித்ததும் சத்யப்ரியா டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, நான் மூணு வகுப்புல நடத்தவேண்டியதை நீங்க ஒரு மீன்கூடையில சொல்லிட்டீங்க. நாம செய்யற எதுவும் அதுக்குப் பின்னால என்ன கிடைக்குதோ அதை வெச்சுத்தான் வளரும், இல்ல தேயும். கிடைக்கிறது நின்னா தேயும். ஆனா தேயறதுக்கு முன்னாடி ஒரு தடவை பொங்கும். பால் மாதிரி. இதை மறக்காதீங்க."

அந்தச் சனிக்கிழமைகள் காந்திமதிக்குப் பிடித்துப்போயின. தாம்பரத்தில் ஒரு பஸ், பல்லாவரத்தில் ஒரு பஸ் மாறி, வியர்த்து வழிந்து போய் முதல் பெஞ்சில் உட்காருவாள். விலங்கியல் படித்துவிட்டு அடுப்படியோடு நின்றுபோன மூளை மெல்ல விழித்தது. ஒரு நடத்தைக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று பார்க்கக் கற்றாள். அப்படிப் பார்க்கப் பார்க்கத் தன் வீடே அவளுக்குப் புதிதாகத் தெரிந்தது. நிஷா உதட்டை நக்குகிறாள், தண்ணீர் வருகிறது. கண்ணைத் திருப்புகிறாள், மிட்டாய் வருகிறது. பிறகு அவள் ஏன் பேச வேண்டும்?

"அப்ப என்னாலதானா மிஸ்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இல்லவே இல்ல. ஆட்டிசம் உங்களால வரல. அதை மனசுலேர்ந்து தூக்கிப் போடுங்க. ஆனா அவ பேசறதுக்கு ஒரு காரணம் வேணும். அந்தக் காரணத்தை நீங்கதான் உண்டாக்கணும். எது அவளுக்கு ரொம்பப் பிடிக்குமோ அதைக் கையில வெச்சுக்கிட்டு, அது பேரை ஒரு தடவை சொல்லிட்டுக் காத்திருங்க. ஏதாவது சத்தம் வந்தா உடனே கொடுங்க. லேட் பண்ணாதீங்க. மிட்டாய்னா 'மிட்டாய்'. அதுதான் முதல் சொல். புரியுதா?"

காந்திமதிக்குப் புரிந்தது. ஆனால் மிட்டாயைக் கையில் பிடித்துக்கொண்டு குழந்தையின் முன் உட்கார்ந்தபோது, அந்தப் பாழாய்ப்போன ஆசை அவள் படித்ததையெல்லாம் தின்றுவிட்டது. முதல் சொல் ஒரு கடலை மிட்டாயின் பெயராகவா இருக்க வேண்டும்? பத்து மாதம் சுமந்தவள் இங்கே இருக்கும்போது? அவள் மிட்டாயைத் தன் முகத்தருகே பிடித்தாள்.

"அம்மா சொல்லு கண்ணு. அம்மா."

சத்யப்ரியாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுத்துவிடுவாள் என்று தெரியும். நிஷா ஒரு மூச்சு விட்டால் ஒரு துண்டு. உதட்டைச் சேர்த்தால் ஒரு துண்டு. வாரங்கள் ஓடின. ஒரு காலை, இட்லி வெந்துகொண்டிருக்கும்போது, நிஷா அவள் கையைப் பார்த்துச் சொன்னாள்.

"ம்... மா."

காந்திமதி அடுப்பை அணைத்தாளா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. டிபன் பையோடு புறப்பட்டுக்கொண்டிருந்த தனசேகர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு ஜீவரத்தினம் அக்கா ஓடிவந்து குழந்தைக்குத் திருஷ்டி கழித்தாள். "எம்மா, இன்னா சோக்கா கூப்புடுது பாரு! இனிமே இது வாயை மூட ஆள் வெக்கணும்டி நீ!" என்றாள். தெரு முழுக்கக் கேசரி போயிற்று. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு தனசேகர் நிஷாவைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு தெருவை வலம் வந்தார். மெதுவாக மனைவியிடம் சொன்னார்:

"அம்மா வந்துடுச்சு. அப்ப என்னிக்காவது ஒருநாள் அப்பாவும் வரும், இல்ல காந்தி?"

அந்தச் சந்தோஷம் அண்ணாச்சி கடை வரைக்கும்தான் நிலைத்தது.

நிஷாவைக் கூட்டிக்கொண்டு துவரம்பருப்பு வாங்கப் போயிருந்தாள். கல்லா மேல் கண்ணாடி பாட்டிலில் கடலை மிட்டாய் அடுக்கியிருந்தது. நிஷா அம்மாவின் கையை உதறினாள். பாட்டில் மேல் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, முகம் மலர, "ம்மா!" என்றாள். "ம்மா! ம்மா!"

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கள இல்லீங்க, பாட்டிலைத்தான் கூப்பிடுது பிள்ள!"

வீட்டுக்கு வந்து மிட்டாய் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வெறுங்கையோடு குழந்தையின் முன் மண்டியிட்டு இரண்டு கைகளையும் விரித்தாள். "நான்டி கண்ணு. அம்மா. நான்தான்." நிஷா அவள் தோளுக்கு மேலாக எட்டி, அலமாரியைப் பார்த்து, "ம்மா" என்றாள். வழியில் நிற்கும் ஒரு நாற்காலியை ஒதுக்குவது போல அவளைத் தள்ளிவிட்டு அலமாரிக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு காந்திமதி நடந்ததைச் சொன்னாள். சத்யப்ரியா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, அவ தப்பே பண்ணல. நீங்க சொல்லிக்கொடுத்ததை அச்சு அசலா கத்துக்கிட்டா. அந்தச் சத்தம் போட்டா மிட்டாய் வரும். வந்துச்சு. சத்தத்துக்கு அவ்வளவுதான் அர்த்தம்."

"இப்ப என்ன பண்றது மிஸ்?"

"மிட்டாய்க்கு அதோட பேரை முதல்லேர்ந்து சொல்லிக்கொடுக்கணும். 'டாய்'னு சொன்னாலும் போதும். ஆனா..." சத்யப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே 'அம்மா'ன்னு சொன்னா மிட்டாய் வரக் கூடாது. ஒரு தடவைகூட. தேயறதுக்கு முன்னாடி பொங்கும். உங்களுக்குத் தெரியும். மீன்காரம்மா கதை நீங்க சொன்னதுதானே?"

மறுநாளே அது தொடங்கியது. நிஷா அலமாரியின் முன் நின்று "ம்மா" என்றாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி சொன்னாள். பிறகு கத்தினாள். இழுத்து, உயர்த்தி, தேம்பித் தேம்பி, காலை உதைத்து, அதுவரை வராத 'அ'வும் சேர்ந்துகொள்ள, "அம்மா! அம்மா! அம்மா!" என்று வீடு அதிரக் கூப்பிட்டாள். எந்த ஒரு சொல்லுக்காகக் கோயில் கோயிலாகப் படியேறினாளோ, அதே சொல் மழையாய்க் கொட்டியது. ஒரு துளியைக்கூட அவள் தொட முடியவில்லை. "டாய்" என்று மட்டும் மெல்லச் சொல்லிக் காட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்து, நகம் பதியத் தன் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜீவரத்தினம் அக்காவுக்குத் தாங்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"அடிப்பாவி! கொயந்த அம்மா அம்மான்னு கூவிகினு கீது, நீ இன்னாமோ கல்லு மாரி குந்தினு கீறியே! நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

தனசேகர் சாவியை எடுத்து அலமாரியைத் திறக்கப் போனார். கண்ணெல்லாம் நீர்.

"ஒண்ணே ஒண்ணு கொடுத்துடறேன் காந்தி. தொண்டை கிழியுது அவளுக்கு."

"இப்ப கொடுத்தீங்கன்னா, இவ்வளவு கத்தினாதான் கிடைக்கும்னு கத்துப்பா. நாளைக்கு இதைவிடக் கத்தணும் அவ." அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "அவமேல சத்தியமா சொல்றேன், எனக்கும் முடியலங்க. ஆனா கொடுக்காதீங்க."

நாள் போகப்போகச் சத்தம் தணிந்தது. ஒரு மதியம் நிஷா அலமாரியைத் தட்டி, களைத்த குரலில், "டாய்" என்றாள். காந்திமதி பாய்ந்து கொடுத்தாள். அதற்குப் பின் "டாய்" வளர்ந்தது. "தண்ணி" வந்தது. "ஃபேன்" வந்தது. "அம்மா" வரவே இல்லை. வீட்டில் அந்தச் சொல் செத்துவிட்டது. கொன்றவள் காந்திமதிதான்.

"திரும்பி வருமா மிஸ்?"

"மிட்டாய் வேணும்னா மிட்டாயைக் கேக்கறா. அம்மா வேணும்னா அம்மாவைக் கேப்பா. ஆனா அக்கா, நீங்க என்னிக்காவது அவளுக்கு இல்லாம இருந்திருக்கீங்களா? எப்பவும் கை தொடற தூரத்துல இருக்கீங்க. கூப்பிடு தூரத்துக்கு ஒரு தடவையாவது போங்க. அப்புறம், உங்ககிட்ட மட்டும் கிடைக்கிறது ஏதாவது இருக்கா அவளுக்கு? வேற யாராலயும் கொடுக்க முடியாதது?"

இருந்தது. குளிப்பாட்டித் துவட்டியதும் காந்திமதி குழந்தையின் பிடரியில் மெல்ல ஊதுவாள். ஈரக் கழுத்தில் காற்றுப் பட்டதும் நிஷா தோளைக் குறுக்கிக்கொண்டு கலகலவென்று சிரிப்பாள். தனசேகர் ஊதினால் விலகிப்போவாள். அவருடைய மீசை குத்தும்.

அன்றிலிருந்து தினமும் ஊதினாள். நடுவில் நிறுத்திக் காத்திருந்தாள். நிஷா திரும்பி அவள் வாயைப் பார்க்கத் தொடங்கினாள். மிட்டாயை அல்ல, கையை அல்ல, முகத்தை. காந்திமதி கதவுக்குப் பின்னால் போய் நின்றால், கொஞ்ச நேரத்தில் சின்னக் கால்கள் தேடி வரும். சேலையைப் பிடித்து இழுத்துப் பிடரியைக் காட்டும். காந்திமதி "அம்மா" என்று ஒருமுறை சொல்லிக் காட்டுவாள். பதிலுக்குச் சொல் வராது. சொல்லை எதிர்பார்த்து எதிர்பார்த்து ஒரு வருடம் போயிற்று.

2008 நவம்பர் கடைசியில் ஒரு புயல் வந்தது. அதற்கும் நிஷா என்றே பெயர் வைத்திருந்தார்கள். "உன் பொண்ணுகிட்ட சொல்லுடி, போதும் நிறுத்திக்கச் சொல்லு" என்று ஜீவரத்தினம் அக்கா கிண்டல் செய்தாள். அன்று 'கல்லு மாரி' என்று திட்டிவிட்டுப் போன பிறகு அவள் வெகுநாள் பேசாமல் இருந்து, நிஷா "தண்ணி" கேட்டதை நேரில் பார்த்த பிறகுதான் மறுபடி வீட்டுக்கு வந்தாள். மழை விடாமல் அடித்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் இல்லை. பால்காரர் வரவில்லை.

காலையில் இரண்டு பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் பால் வாங்கப் போனார்கள். தனசேகர் நிஷாவோடு வீட்டில் இருந்தார். குளிப்பாட்டக்கூட நேரமில்லை. பால் எங்கும் கிடைக்காமல், கடை கடையாக அலைந்து ஒரு பாக்கெட்டோடு தெருமுனைக்குத் திரும்பும்போது வெகுநேரமாகிவிட்டது.

தூரத்தில் கடைசி வீடு தெரிந்தது. பூட்டிய கிரில் கேட்டுக்குப் பின்னால், அதை ஒட்டிய மாடிப் படியில் நிஷா. அவளுக்குப் பின்னால் தனசேகர் குடை பிடித்து நின்றிருந்தார். நிஷாவின் மடியில் மிட்டாய் டப்பா திறந்தே இருந்தது. கையில் ஒரு முழு மிட்டாய்.

"ம்மா!"

காந்திமதி நின்றுவிட்டாள். பழைய பயம். மனம் உடனே கணக்குப் போட்டது. அது மிட்டாய்க்காகத்தான். ஏமாறாதே. ஆனால் மிட்டாய் கையில் இருக்கிறதே? டப்பா மடியில் இருக்கிறதே?

நிஷா எழுந்தாள். டப்பா சரிந்து, மிட்டாய்கள் ஒவ்வொன்றாய்ப் படியில் உருண்டன. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கம்பிகளுக்கு நடுவே முகத்தை அழுத்திக்கொண்டு, அந்தத் தண்ணீர்த் தெரு முழுவதையும் தாண்டி ஒரே ஒருத்தியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அம்மா!"

"அடியே, உன்னத்தான்டி கூப்புடுது! இன்னும் இன்னாடி நின்னுகினு கீற?" ஜீவரத்தினம் அக்கா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஓடுடி!"

ஓட முடியவில்லை. தண்ணீர் காலைப் பின்னுக்கு இழுத்தது. லேட் பண்ணாதீங்க, லேட் பண்ணாதீங்க என்று சத்யப்ரியாவின் குரல் காதுக்குள் அடித்தது. ஒரு செருப்பு சேற்றில் போயிற்று. பால் பாக்கெட் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "வந்துட்டேன்! வந்துட்டேன்டி என் தங்கமே! அம்மா வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே, கைகளால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி வந்தாள். கேட்டைத் திறக்கும் பொறுமைகூட இல்லை. கம்பி வழியாகவே கையை விட்டுக் குழந்தையின் தலையைப் பிடித்துத் திருப்பினாள். மழையில் நனைந்திருந்த அந்தப் பிடரியில் ஊதினாள். மூச்சும் அழுகையும் கலந்து, பாதி காற்றுத்தான் வந்தது. நிஷாவுக்கு அது போதும். தோளைக் குறுக்கிக்கொண்டு கலகலவென்று சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மறுபடி பிடரியைக் காட்டி, சாதாரணமாக, இத்தனை வருடமும் அப்படியே கூப்பிட்டு வந்தவள் போல, "அம்மா" என்றாள்.

தனசேகர் குடையை மடக்கிவிட்டு மழையிலேயே நின்றார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. தெருவில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. காலையில் தனசேகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்கே போறீங்க? பால் இருக்கே. ஜீவா அக்கா கொடுத்தாங்க."

"தெரியும்."

"அப்புறம்?"

வழக்கமாகக் காபி குடித்ததும் அவர்தான் நிஷாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியைச் சுற்றுவார். அன்று தூக்கவில்லை. கேட்டைத் திறந்து தண்ணீரில் இறங்கி, மெல்ல நடந்து, தெருமுனை வரைக்கும் போனார். அங்கே வீட்டைப் பார்த்துத் திரும்பி, வெறும் பையோடு, முழங்கால் தண்ணீரில் நின்றார்.

காந்திமதி நிஷாவின் பக்கத்தில் மாடிப் படியில் உட்கார்ந்தாள். "அப்பா" என்று ஒரே ஒரு முறை சொல்லிக் காட்டினாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். நிஷா முதலில் தண்ணீரைப் பார்த்தாள். அப்புறம் காலியாக இருந்த தோள்களோடு தூரத்தில் நிற்கும் அந்த மனிதரைப் பார்க்கத் தொடங்கினாள்.